‘ஆட்சேபணை இல்லை’ முதல் ஐந்தாண்டுச் சிறை வரை: சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன்

2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாங்குளத்திலிருந்து ஒரு காணொளி வெளியானது. பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனி உங்கள் தெருவைச் சேர்ந்தவர்களுக்கு எதுவும் விற்க முடியாது என்று கடைக்காரர் சொல்கிறார். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்று குழந்தைகளையே தூது அனுப்புகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டது; கைதுகள் நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதங்களுக்கு அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லையிலுள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு தரும் வெளியேற்ற அதிகாரம் தமிழ்நாட்டில் அதுவரை ஏறத்தாழத் தூங்கிக்கொண்டிருந்தது.

அக்குழந்தைகளுக்குத் துணையாக நின்ற சட்டப் பிரிவுகள் திடீரென்று தோன்றியவை அல்ல. அவற்றின் தொடக்க வரிகளில் ஒன்று, அந்நிகழ்வுக்கு 98 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு நியமன உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்தில் உள்ளது. அவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். அவருடைய பிறந்தநாளுக்கு மாலையிடுகிறோம். வட்டமேசை மாநாட்டுப் புகைப்படத்தைப் பகிர்கிறோம். ஆனால் சட்டமியற்றும் அவையில் அவர் என்ன கேட்டார், எந்தச் சொற்களில் கேட்டார், அரசு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பது குறைவாகவே பேசப்படுகிறது. களப்பணியாளர்களும் மாணவர்களும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க குறிப்பாக அதைத் தொகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவைக்கு வருவதற்கு முன்

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த சீனிவாசன், 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகப் பயன்படுத்தப்பட்ட பெயரையே இதழின் பெயராக்கியது அவருடைய அரசியலின் முதல் அடையாளம்.

நாடாளுமன்றம் என்ற நிறுவனத்தோடு அவர் கொண்ட முதல் தொடர்பும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. அப்படி நடத்தினால் உயர்சாதியினர் மட்டுமே அதிகாரிகளாவர் என்று கருதிய சீனிவாசன், 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இந்த நிலைப்பாடு சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. வாக்குரிமை இல்லாத, அவைக்குள் ஒரு பிரதிநிதிகூட இல்லாத மக்கள், அவையின் கதவை மனு என்ற கருவியால் தட்டினார்கள்.

1900இல் நாட்டைவிட்டுப் புறப்பட்ட அவர், ஆப்பிரிக்காவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சாட்சி சொல்லும் எளியவரின் சொல்லைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றுவதே மொழிபெயர்ப்பாளரின் வேலை. தாயகம் திரும்பி, 1923இல் அறுபதைக் கடந்த வயதில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டபோது, அவர் தொடர்ந்து செய்ததும் ஏறத்தாழ அதே வேலைதான்.

அன்றைய அவை எத்தகையது?

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்தது இரட்டையாட்சி. நிதி, காவல், வருவாய் போன்றவை ஆளுநர் கையில். கல்வி, உள்ளாட்சி போன்ற ‘மாற்றப்பட்ட’ துறைகள் இந்திய அமைச்சர்கள் கையில். சென்னை மாகாண அவையில் 98 உறுப்பினர்கள் தேர்தல் மூலம் வந்தனர். சொத்தும் வரியும் அடிப்படையாக அமைந்த வாக்குரிமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இடமில்லை என்பதால், அவர்களுக்காகச் சிலர் அரசால் நியமிக்கப்பட்டனர்.

ஆகவே நியமன உறுப்பினரின் பலம் மிகச் சிறியது. அவருக்கு வாக்கு வங்கி இல்லை. கட்சிக் கொறடாவின் பின்பலம் இல்லை. அரசு நினைத்தால் அடுத்த முறை நியமிக்காமல் விடலாம். அவர் கையில் இருந்தவை மூன்று: கேள்வி கேட்பது, தீர்மானம் கொண்டுவருவது, வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசுவது. தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்கான பரிந்துரை மட்டுமே, சட்டம் ஆகாது.

இந்தக் கருவிகளை முதலில் திறம்படப் பயன்படுத்தியவர் எம்.சி.ராஜா. பறையர், பஞ்சமர் போன்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று குறிக்க வேண்டும் என அவர் அவையில் முன்வைத்த கோரிக்கை, 1922 மார்ச் 25 நாளிட்ட 817ஆம் எண் அரசாணையாக மாறியது. பெயர் மாறியது, தெரு திறக்கவில்லை. அந்த இடத்திலிருந்துதான் சீனிவாசன் தொடங்கினார்.

1924 ஆகஸ்ட் 22 தீர்மானம்

சீனிவாசனின் தீர்மானம் இரண்டு பகுதிகள் கொண்டது. இவற்றைத் தன் கொள்கையாக ஏற்று அரசு அறிவிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

ஒன்று, எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள எந்தப் பொதுச்சாலை, தெரு அல்லது பாதை வழியாகவும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடந்துசெல்ல ஆட்சேபணை இல்லை.

இரண்டு, பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள், பொது அலுவல்கள் நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றுக்குள் சாதி இந்துக்கள் எவ்வாறு, எந்த அளவுக்குச் செல்கிறார்களோ அவ்வாறே, அந்த அளவுக்கே ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் செல்ல ஆட்சேபணை இல்லை.

தீர்மானம் நிறைவேறியது. அப்போது முதலமைச்சர் பனகல் அரசர். உள்ளாட்சித் துறையும் அவரிடமே இருந்தது. 1924 செப்டம்பர் 25 அன்று 2660ஆம் எண் அரசாணை வெளியானது. தீர்மானத்துக்கும் ஆணைக்கும் இடையே ஐந்து வாரங்களுக்குச் சற்றுக் குறைவான காலமே ஆயிற்று.

இதன் அளவை உணர அக்காலத்தின் அண்டை நிலவரங்களைப் பார்க்க வேண்டும். 1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுநிதியில் அமைந்த நீர்நிலைகளையும் பள்ளிகளையும் அலுவலகங்களையும் திறந்துவிடப் பரிந்துரைத்தது. மகாடு நகராட்சி அதை ஏற்றும் சவுதார் குளத்தில் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று நீர் அருந்திய பிறகும், அந்த உரிமை பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உறுதியாக 1937 வரை காத்திருக்க நேர்ந்தது.

மேற்கே திருவிதாங்கூரில் நிலை வேறு. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. சாலைகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 1925 பிப்ரவரி 7 அன்று திருவிதாங்கூர் சட்டசபையில் 21க்கு 22 என ஒரே ஒரு வாக்கில் தோற்றது. இன்று நம் தென்காசி மாவட்டத்திலுள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டது. 1956இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில், சென்னை மாகாணத்தில் இருந்தது. அதாவது 1925இல் சங்கரன்கோவில் தெருவில் நடந்த ஒரு தலித்திடம் காட்டுவதற்கு ஓர் அரசாணை இருந்தது. அதே மனிதர் மேற்கே பயணம் செய்து செங்கோட்டைக்குள் நுழைந்தால் அதுவும் இல்லை.

தீர்மானத்தின் சொற்களை ஒரு வழக்குரைஞராக வாசித்தல்

பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் அந்த ஆணையின் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று ஓட்டைகள் தெரியும். அடுத்த தொண்ணூறு ஆண்டுகளின் சட்ட வரலாறு அந்த ஓட்டைகளை அடைத்த வரலாறே.

முதலாவது, ‘ஆட்சேபணை இல்லை’ என்ற சொல். அது உரிமைப் பிரகடனம் அன்று. நீ நடந்தால் அரசு தடுக்காது என்று மட்டுமே அது சொல்கிறது. மற்றவர் தடுத்தால் அரசு என்ன செய்யும் என்று சொல்லவில்லை.

இரண்டாவது, தண்டனை இல்லை. மீறுபவருக்கு அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. ஆணையைச் செயல்படுத்தாத அதிகாரிக்கும் எதுவும் இல்லை.

மூன்றாவது, ‘பொது’ என்ற சொல். எது பொதுச்சாலை? ஊர்ப் பொதுக்கிணறா, கோயில் கிணறா? தெரு நகராட்சிக்கு உரியதா, அதில் குடியிருப்போருக்கா? ஆதிக்கச் சாதியினர் ஆணையை எதிர்க்க வேண்டிய தேவையே இல்லை. இது பொது அல்ல என்று சொன்னால் போதும்.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. ஆணை வெளியான இரண்டே மாதங்களுக்குள், 1924 நவம்பரில், அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவுக்குள் சென்ற ஈழவர்கள் தாக்கப்பட்டனர். அமைதியைக் காக்கிறோம் என்ற பெயரில் நிர்வாகத்தின் தடை, உரிமையைப் பயன்படுத்தச் சென்றவர்கள் மீதே திரும்பியது. இன்றும் நம் ஊர்களில் திருவிழாத் தகராறு வந்தால் முதலில் விதிக்கப்படும் தடையுத்தரவு யாரை வீட்டுக்குள் அடைக்கிறது என்பதைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

ஓட்டைகளை அடைத்தவர்கள்

சீனிவாசன் தனியாக இல்லை. கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து நியமிக்கப்பட்ட ஆர்.வீரையன், கல்பாத்தி நிகழ்வை அவையில் எழுப்பினார். சாலையையும் கிணற்றையும் பயன்படுத்தவிடாமல் தடுப்போருக்கு அபராதம் விதிக்கும் வகையில் உள்ளாட்சி வாரியச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவையும் கொண்டுவந்தார். தீர்மானத்தில் இல்லாத தண்டனை முதன்முதலில் அங்கேதான் நுழைந்தது.

சீனிவாசன் அவையில் பேசியவை இந்தத் தீர்மானத்தோடு முடியவில்லை. விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்று வலியுறுத்தினார். கூலி கைக்கு வரும் நாளும் கடை திறந்திருக்கும் நாளும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்கு என்ன போய்ச் சேரும் என்பது சேரி மனிதருக்குப் பொருளாதாரக் கேள்வி.

1938இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குடிமை இயலாமைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. பொது ஓடை, ஆறு, கிணறு, குளம், பாதை, போக்குவரத்து ஆகியவற்றிலிருந்து ஒருவரை விலக்குவது குற்றமானது. 1924இன் ‘ஆட்சேபணை இல்லை’, பதினான்கு ஆண்டுகளில் ‘தடுத்தால் குற்றம்’ என்று மாறியது. அதே 1938இல் ராஜா கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை, முதல்வராக இருந்த ராஜாஜி ஏற்கவில்லை. அவையில் அது தோற்கடிக்கப்பட்டது. பொதுக்கிணறு வரை வந்த பெரும்பான்மை கோயில் வாசலில் நின்றுவிட்டது. ஒடுக்கப்பட்டோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களாக அவையில் அமர்ந்திருந்தும், கட்சிப் பெரும்பான்மைக்கு முன் அவர்களால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதற்கு அந்த ஓர் ஆண்டே போதிய சான்று.

1930: லண்டனில் எழுதப்பட்ட தண்டனைப் பிரிவு

தன் தீர்மானத்தின் குறையை அனைவரையும்விட நன்கு அறிந்தவர் சீனிவாசனே என்பதற்கு ஆவணச் சான்று உண்டு. 1930இல் முதலாவது வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவர்: டாக்டர் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். இருவரும் கையெழுத்திட்டு அளித்த அரசியல் பாதுகாப்புத் திட்டம், எதிர்கால அரசமைப்பில் இடம்பெற வேண்டிய எட்டு நிபந்தனைகளை வகுத்தது. சமக் குடியுரிமை, சம உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதிய பிரதிநிதித்துவம், அரசுப் பணிகளில் பங்கு, நலன்கள் புறக்கணிக்கப்பட்டால் நிவாரணம், தனித்துறை, அமைச்சரவையில் இடம் என்பன அவை.

இரண்டாவது நிபந்தனையை 1924 தீர்மானத்தின் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். சாலை, பாதை, தெரு, குளம், கிணறு என்ற அதே வரிசை அங்கே வருகிறது. அதோடு விடுதி, கல்வி நிறுவனம், வாகனம் ஆகியனவும் சேர்ந்துள்ளன. ஆனால் வாக்கியத்தின் வினை மாறிவிட்டது. ஆட்சேபணை இல்லை என்பது போய், மறுப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் என்று வருகிறது.

மேலும் ஒரு படி சென்று, சமூகப் புறக்கணிப்பை அந்தத் திட்டம் தனிக் குற்றமாக வரையறுத்தது. நிலமோ வீடோ தர மறுப்பது, வேலை கொடுக்க மறுப்பது, வணிகம் செய்ய மறுப்பது, வழக்கமான சேவைகளை நிறுத்துவது ஆகியவை அதில் அடங்கும். தெருவில் நடக்க உரிமை பெற்றவன் மறுநாள் கடையில் அரிசி வாங்க முடியாமல் போனால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கான விடை அது.

பாஞ்சாங்குளத்துக் கடையில் நடந்தது என்ன? வணிகம் செய்ய மறுத்ததுதான். 1930இல் லண்டனில் வைத்து எழுதப்பட்ட வரையறைக்குள் அந்தப் பெட்டிக்கடை அப்படியே அடங்குகிறது.

அரசமைப்பும் அதற்குப் பின்னும்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு, கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் என்று பட்டியலிடுகிறது. 1924 தீர்மானத்தின் இரண்டாம் பகுதியைப் படித்தவருக்கு இந்தச் சொல்வரிசை பழகியதாகவே தோன்றும். ‘பொது’ எது என்ற மூன்றாவது ஓட்டையையும் அவ்வுறுப்பு அடைக்க முயல்கிறது: முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படுவதும், பொதுமக்களின் பயன்பாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதும் பொதுவே. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

1955ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உறுப்புக்குத் தண்டனை வடிவம் தந்தது. ஆனால் உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறையாகவே இருந்தது. உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரைப் புறக்கணிப்பதையும் அது குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் இந்தப் பாதையைப் பெருமளவு நிறைவு செய்தது. பிரிவு 3(1)(za) நீர்நிலை, பாதை, சுடுகாடு, பொதுவாகனம், வழிபாட்டிடம், கடை முதலியவற்றிலிருந்து விலக்குவதைப் பட்டியலிட்டுக் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(zc) சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும் விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டுகள். கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு தனித் தண்டனை தருகிறது.

ஐந்தாண்டுகள் என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள். அம்பேத்கரும் சீனிவாசனும் 1930இல் கேட்டதும் அதே ஐந்தாண்டுகள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 85 ஆண்டுகள்.

விமர்சனங்கள்

சீனிவாசனின் அவைப் பணிமீது இரண்டு விமர்சனங்கள் உண்டு. இரண்டையும் ஒதுக்கிவிடலாகாது.

அவர் அரசுக்கு அணுக்கமானவர், பட்டங்கள் பெற்றவர் என்பது முதலாவது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்ற பட்டங்கள் உண்மை. ஆனால் அன்று அவர் முன்னால் இருந்த தேர்வு அந்நிய அரசா, மக்களாட்சியா என்பதாக இல்லை. பிரிட்டிஷ் அதிகாரியா, சாதி இந்து அதிகாரியா என்பதாகவே அவர் அதைக் கண்டார். அந்தக் கணிப்பை மறுக்கலாம். ஆனால் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அரசு எளிதில் புறந்தள்ள முடியவில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தனித்தொகுதி முறையை விட்டுக்கொடுத்த 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்திட்டார் என்பது இரண்டாவது. காந்தியின் உண்ணாவிரதத்தின் அழுத்தத்தில் அம்பேத்கர் கையெழுத்திட்ட அதே ஒப்பந்தம் அது. சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 18இலிருந்து 30ஆக உயர்ந்தன. ஆனால் அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இறுதி வாக்கு பொதுத் தொகுதியின் கைக்குச் சென்றது. எண்ணிக்கை கூடியது, பொறுப்புக்கூறல் திசை மாறியது. இன்றைய ஒதுக்கீட்டுத் தொகுதிகளின் அடிப்படைச் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

சங்கரன்கோவிலிலிருந்து பார்க்கையில்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. சங்கரன்கோவில் அவற்றுள் ஒன்று. நம் தென்காசி மக்களவைத் தொகுதியே தனித்தொகுதி. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், திருவில்லிபுத்தூர் என மூன்றும் தனித்தொகுதிகள். எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பார்த்தால், தீண்டாமை குறித்து அவையில் இடைவிடாது பேசப்பட வேண்டிய நிலப்பகுதி இது.

நூறாண்டுகளுக்கு முன் நியமன உறுப்பினரிடம் இல்லாத ஓர் அதிகாரம் இன்றைய உறுப்பினரிடம் உண்டு. அது அவைக்கு வெளியே உள்ளது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். அது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். 16ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். வழக்குப் பதிவு, நிவாரணம், விசாரணைத் தாமதம், அதிகாரிகளின் அலட்சியம் ஆகியவற்றைக் கேள்வி கேட்கும் இடம் அது.

ஆகவே மாணவர்களும் இயக்கத்தினரும் செய்யக்கூடிய வேலைகள் இவை. தங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் எழுப்பிய வினாக்களையும் மானியக் கோரிக்கைகளில் ஆற்றிய உரைகளையும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து தொகுக்கலாம். மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது, யார் வந்தார்கள், என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிணறு, சுடுகாட்டுப் பாதை, முடிதிருத்தகம், தேநீர்க்கடை என்று ஊர்வாரியாகக் களஆய்வு செய்து, அதை உறுப்பினரிடம் கேட்கத் தக்க வினாவாகவே எழுதிக் கொடுக்கலாம். பொதுவான முறையீட்டைவிட, இந்த ஊரில் இந்தப் பாதை எந்த நாளிலிருந்து அடைக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வினாவுக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் பின்னர் நீதிமன்றத்தில் ஆவணமாகும்.

கால வரிசை

1893: பறையன் இதழ் தொடக்கம், 3,412 கையெழுத்துகளுடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு.

1922 மார்ச் 25: ஆதிதிராவிடர் பெயர் குறித்த அரசாணை எண் 817.

1923: சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம்.

1924 ஆகஸ்ட் 22: பொதுச்சாலை, கிணறு, அலுவலகம் குறித்த தீர்மானம்.

1924 செப்டம்பர் 25: அரசாணை எண் 2660.

1930: வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் அளித்த பாதுகாப்புத் திட்டம்.

1932 செப்டம்பர் 24: பூனா ஒப்பந்தம்.

1938: சென்னை மாகாணக் குடிமை இயலாமைகள் நீக்கச் சட்டம்.

1945 செப்டம்பர் 18: சீனிவாசன் மறைவு.

1950: அரசமைப்பின் 15(2), 17ஆம் உறுப்புகள் நடைமுறைக்கு வருதல்.

1955: தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம்.

1989: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் பெருந்திருத்தம்.

2022: பாஞ்சாங்குளம் வழக்கில் ஊருக்குள் நுழையத் தடை.

சீனிவாசன் தம் வாழ்நாளில் 1938 சட்டம் வரை பார்த்தார், அரசமைப்பைப் பார்க்கவில்லை. அவர் தொடங்கிவைத்த வாக்கியத்துக்குத் தண்டனைப் பிரிவைப் பிறர் சேர்த்தார்கள். இன்று சட்டத்தில் சொல் குறைவில்லை. கடைக்காரர் குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் நாளில் அந்தச் சொல்லை எடுத்து நிறுத்த ஒரு காவலரும், ஒரு வழக்குரைஞரும், மாவட்டக் குழுவில் அமர்ந்து பெயர் சொல்லிக் கேட்க ஓர் உறுப்பினரும் தேவை. மூன்றாமவரை நாம்தான் வாக்களித்து அனுப்புகிறோம். அடுத்த கூட்டம் எப்போது என்று அவரிடம் கேட்பதும் நம் வேலையே.